புதுப்பிப்பு: மழைக்காலத்தில் இறுகிய ஓப்பினெல் மடக்குக் கத்தி

ஓப்பினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் எட்டாம் எண் அளவுள்ள என் மடக்குக் கத்தி மழைக்காலத்தில் திறக்க முடியாதபடி இறுகிவிட்டதென்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது அது சீராக விரிகிறது. பீச் (beech) மரப்பிடி ஈரத்தை உறிஞ்சிப் பருத்து அலகைக் கவ்வுவதே காரணம் என்பதால், கத்தியை நிழலில் நன்றாக உலரவிட்டு, மரமும் எஃகும் உரசும் இணைப்பில் சில துளி மினரல் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அவசரத்துக்கு, 1955இல் அறிமுகமான விரோபிளாக் பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு சற்றே வெளிவரும். பிரான்சின் சவோய் மக்களுடைய இந்த உத்தி உண்மையிலேயே அருமையானது. அலகு மடங்கி உட்காரும் பிடியின் பிளவை உப்புத்தாளால் தேய்த்து அகலப்படுத்தச் சிலர் சொன்னார்கள். கோடையில் மரம் சுருங்கும்போது அலகு தளர்ந்துவிடும் என்பதால் அதை நான் செய்யவில்லை. கார்பன் எஃகு எளிதில் துருப்பிடிக்கும் என்பதால், எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கியவுடன் அலகைக் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்ட பின்பே மடக்குகிறேன்.