மறுமலர்ச்சி பிறந்த இத்தாலியில் சமயச் சீர்திருத்தம் ஏன் வேரூன்றவில்லை?

கேள்வி – வரலாற்று ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மறுமலர்ச்சி மக்களைச் சிந்திக்கத் தூண்டியது, அச்சிந்தனையே கிறித்தவத் திருச்சபையின் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தது என்றுதான் பாடநூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. அப்படியானால், ஃபிளாரன்ஸ், ரோம் போன்ற நகரங்களில் நூறாண்டுக்கும் மேலாகப் புதிய கல்வி தழைத்திருந்தும் அங்கே நிகழாத பிளவு, எல்பா ஆற்றங்கரையில் இருந்த விட்டன்பர்க் என்ற சிற்றூரில் 1517இல் தொடங்கியது ஏன் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். அச்சுக்கலை ஜெர்மனியில் பிறந்ததைக் காரணமாகக் காட்டலாம் என்றால், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் தலையாய அச்சு நகரமாக விளங்கியது இத்தாலியின் வெனிஸ் அல்லவா? இதற்கு எப்படி விளக்கம் தருவது?

மறுமொழி – பழஞ்சுவடி

அம்மா, இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லாவின் வாழ்க்கையைப் பார்த்தாலே விடையின் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்று நான் கருதுகிறேன். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதிகளின் ஆட்சியுரிமையைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாக நம்பப்பட்ட சாசனத்தில், நான்காம் நூற்றாண்டில் வழங்கியிருக்கவே முடியாத லத்தீன் நடை இருப்பதை எடுத்துக்காட்டி, அது போலியானது என்று 1440இல் வல்லா நிறுவினார். அப்போது அவர், நேப்பிள்ஸ் அரசுரிமைக்காகப் போப் நான்காம் யூஜினுடன் மோதிக்கொண்டிருந்த மன்னர் அல்போன்சோவிடம் பணியாற்றி வந்தார். யூஜினுக்குப் பின் வந்த போப் ஐந்தாம் நிக்கோலஸ் வல்லாவைத் தண்டிக்கவில்லை. ரோமுக்கு வரவழைத்துத் தம் செயலகத்திலேயே பதவி அளித்ததோடு, கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசின் நூலை லத்தீனில் பெயர்க்கும் பணியையும் ஒப்படைத்தார். இத்தாலியில் புதிய கல்விக்குப் படியளந்த புரவலர்களில் போப்பாண்டவர் முதன்மையானவர். அதனால் அங்கே எழுந்த கூர்மையான விமர்சனம்கூட அவருடைய அவைக்குள்ளேயே இடம்பிடித்து அடங்கிவிட்டது.

அந்தச் சாசனம் போலி என்று காட்டி வல்லா எழுதிய நூலை ஜெர்மானிய அறிஞர் உல்ரிச் ஃபான் ஹுட்டன் அச்சிட்டு வெளியிட்டார். அதை 1520இன் தொடக்கத்தில் படித்த, விட்டன்பர்க்கில் பிளவைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதர், போப்பே அந்திக்கிறிஸ்து (கிறிஸ்துவின் எதிரி) என்ற ஐயம் தமக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். எண்பது ஆண்டுகளாக இத்தாலியைக் கலக்காத ஒரு நூல் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே சென்றதும் வெடிமருந்தானது என்பதை உங்கள் மாணவியிடம் அவசியம் சொல்லுங்கள்.

மறுமொழி – வைகைக்கரை

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விளக்கம் நிறைவு பெறாது. ரோமில் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாக எழுப்ப 1506இல் போப் இரண்டாம் ஜூலியஸ் அடிக்கல் நாட்டினார். இன்று மறுமலர்ச்சிக் கலையின் உச்சமாக நாம் போற்றும் அந்தக் கட்டடத்துக்கான செலவு, பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டுகளின் வழியாக ஜெர்மானியக் குடியானவரிடமிருந்தும் திரட்டப்பட்டது. 25 வயதுகூட நிறையாத ஆல்பிரெக்ட், ஏற்கெனவே மாக்டபர்க்கின் பேராயராக இருந்துகொண்டே 1514இல் மைன்ஸ் பேராயர் பதவியையும் பெற்றார். அதற்காக ரோமுக்குச் செலுத்த வேண்டிய பெருந்தொகையை ஆக்ஸ்பர்க் நகரின் ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் கடனாக வாங்கினார். சீட்டு விற்பனையில் கிடைத்ததில் ஒரு பாதி பேராலயத்துக்கும் மறுபாதி அந்தக் கடனை அடைக்கவும் போனது. சீட்டு விற்க வந்த டெட்சலைச் சாக்சனியின் ஆட்சியாளர் பிரெடெரிக் தம் எல்லைக்குள் விடவில்லை. விட்டன்பர்க் மக்கள் எல்லை கடந்து சென்று வாங்கி வந்தனர். அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவாக இருந்த லூதரின் கண்முன் இது நடந்தது.

பிரான்சில் நிலைமை வேறு. 1516இல் போலோன்யாவில் போப்புடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஆயர்களை முன்மொழியும் உரிமை மன்னருக்கே கிடைத்துவிட்டதால், ரோமை எதிர்க்க வேண்டிய தேவை அவருக்குக் குறைந்தது. ஜெர்மனியிலோ அப்படிப் பேரம் பேசக்கூடிய வலுவான ஒரே மன்னர் இல்லை.

வரலாற்று ஆசிரியை

மிக்க நன்றி, ஐயா. இத்தாலியில் சீர்திருத்தம் வேண்டும் என்று கேட்டவர்களே இல்லை என்று கொள்ளலாமா? நெதர்லாந்தில் பிறந்த மறுமலர்ச்சி அறிஞர் எராஸ்மசின் பங்கையும் எப்படி மதிப்பிடுவது?

மறுமொழி – கல்லூரிச் சாலை

அப்படிக் கொள்ளக் கூடாது; இத்தாலியில் கேட்டவர்கள் இருந்தார்கள். வெனிஸைச் சேர்ந்த கர்தினால் கொன்டரீனியின் தலைமையிலான கர்தினால்கள், ஆயர்கள் குழு ஒன்று, திருச்சபையின் சீர்கேடுகளை வெளிப்படையாகப் பட்டியலிட்டு 1537இல் போப் மூன்றாம் பவுலிடம் அறிக்கை அளித்தது. 1541இல் ரீகன்ஸ்பர்க்கில் கொன்டரீனியும் லூதரின் தோழர் மெலாங்தனும், மீட்பு எவ்வாறு கிட்டுகிறது என்பது பற்றி ஒரே வாசகத்தை ஏற்கும் அளவுக்கு நெருங்கி வந்தனர். அந்த வாசகத்தை ரோமும் ஏற்கவில்லை, லூதரும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே ரோமில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. கப்புச்சின் துறவியர் சபையின் தலைவராகவும் புகழ்பெற்ற மறையுரையாளராகவும் இருந்த ஒக்கினோ ஜெனீவாவுக்குத் தப்பிச் சென்றார்.

எராஸ்மசைப் பொறுத்தவரை, 1516இல் பாசல் நகரில் அவர் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு இல்லையென்றால், அதன் இரண்டாம் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு லூதர் 1522இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வெளியிட்டிருக்க முடியாது. ஆனால் மனிதரின் சுயவிருப்பத்துக்கு ஆற்றல் உண்டு என்று 1524இல் எராஸ்மஸ் எழுதியபோது, அந்த விருப்பமே பாவத்துக்கு அடிமைப்பட்டது என்று அடுத்த ஆண்டு லூதர் கடுமையாக மறுத்தார். மனிதர்மீது மறுமலர்ச்சி கொண்டிருந்த நம்பிக்கையை லூதர் ஏற்கவே இல்லை என்பதால்தான், மறுமலர்ச்சியின் குழந்தையே சீர்திருத்தம் என்று பாடநூல்கள் எழுதும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஊழலைச் சாடியதற்காக எராஸ்மசைக் கத்தோலிக்கத் தரப்பும் நம்பவில்லை: 1537 அறிக்கையில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான கராஃபாவே பின்னாளில் போப் நான்காம் பவுலாகி, 1559இல் வெளியிட்ட தடைநூல் பட்டியலில் எராஸ்மசின் நூல்கள் அனைத்தையும் சேர்த்தார்.