பழைய ஜீப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: பாக்ஸை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கோரையாற்றுக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது அப்பா காலத்து சிஜே 3பி வகை ஃபோர் வீல் ஜீப், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். நீடாமங்கலத்துக்குத் தெற்கே வயல். விதை மூட்டை, உரம், டீசல் கேன் எல்லாம் ஆற்றங்கரை வழியாக இதில்தான் போகிறது, மழை பெய்து கரை சேறானால் வேறு வண்டி உள்ளே வராது. ஒரு வருடமாக ஸ்டீயரிங்கில் பிளே, அதாவது சக்கரத்தைத் திருப்பாத வெறும் ஆட்டம், அதிகமாகிக்கொண்டே போய், இப்போது நான்கு விரற்கடை திருப்பின பிறகுதான் சக்கரம் அசைகிறது. ஒரு பட்டறையில் காட்டினேன், ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரப் பக்கம் கடத்தும் பெட்டி) மேல் இருக்கும் ஸ்குருவை இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது ஆட்டமும் திரும்பி வந்துவிட்டது, வளைவில் திருப்பினால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவும் மாட்டேன் என்கிறது. தார் ரோட்டில் 50க்கு மேல் போகும்போது பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரம் இரண்டும் உதறுகிறது. பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். சம்பா நடவு நேரம், வண்டியை ரொம்ப நாள் நிறுத்த முடியாது. என்ன செய்யலாம்?

பட்டறைக்காரன் தஞ்சை:
தம்பி, முதல் வேலையாக அந்த ஸ்குருவைப் பழைய இடத்துக்குத் தளர்த்துங்கள். பாக்ஸ் தேய்வது நேராக ஓடும் நடு இடத்தில்தான், இரண்டு ஓரத்திலும் அவ்வளவு தேய்மானம் இருக்காது. நடுவில் உள்ள பிளே போகிற அளவுக்கு இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், ஸ்டீயரிங் திரும்பி வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வளைவில் பிடித்துக்கொள்ளும் ஸ்டீயரிங் ஆட்டத்தைவிட ஆபத்து.

அப்புறம் ஆட்டம் எங்கே என்று பாருங்கள், பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். இன்ஜினை அணைத்து, சக்கரம் நான்கும் தரையில் இருக்க, வீட்டில் ஒருவரை உட்கார வைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வையுங்கள், இரண்டு பாகத்தையும் சேர்த்துத் தொடுகிற மாதிரி. ஸ்டீயரிங் ராட் திரும்பியும் டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை) அசையாவிட்டால் பாக்ஸ் அல்லது டிராப் ஆர்ம் நட்டு. டிராப் ஆர்ம் அசைந்து பெல் கிராங்க் (முன்னால் ஓர் அச்சில் திரும்பும் இணைப்புத் துண்டு) அசையாவிட்டால் அவை இரண்டையும் இணைக்கும் கம்பியான டிராக் லிங்க். கிராங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராட் அசைந்தும் சக்கரம் நின்றால் அதன் முனை மூட்டான டை ராட் எண்ட். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். பாக்ஸை சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் மண்ணைச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள், பழைய ஜீப்புகளில் அங்கே வெடிப்பதுண்டு.

திருத்துறைப்பூண்டி ஜீப்:
அண்ணன் சொன்னதில் பெல் கிராங்கை முதலில் பார்க்கச் சொல்வேன். முன் கிராஸ் மெம்பரில் நிற்கும் சின்ன அச்சில் திரும்பும் அந்தக் கிராங்கில்தான் இரண்டு டை ராடும் டிராக் லிங்கும் மாட்டியிருக்கின்றன, அது ஒரு மயிரிழை சாய்ந்தாலும் ஸ்டீயரிங்கில் ஒரு விரற்கடை ஆகத் தெரியும். நம்ம பக்கத்து வண்டிகளுக்கு இது சீக்கிரம் போகிறது. வாய்க்காலில் இறங்கி ஏறும்போது களிமண் தண்ணீர் உள்ளே போய் கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடுகிறது, வண்டி காய்ந்ததும் மண் உள்ளேயே தங்கி அச்சை அரைக்கிறது. எனக்குப் பேரிங் மட்டும் மாற்றினார்கள், அச்சு தேய்ந்திருந்ததால் மூன்று மாதத்தில் மறுபடி ஆட்டம். அச்சு, பேரிங், சீல் மூன்றையும் சேர்த்து மாற்றின பிறகுதான் நின்றது. இப்போது தண்ணீரில் இறங்கின நாள் சாயங்காலமே கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் புது கிரீஸ் வெளியே வரும் வரை அடித்துவிடுவேன்.

வடவாறு:
புது அச்சு கிடைக்கத் தாமதமானால், தேய்ந்த இடத்தில் வெல்டு வைத்து லேத்தில் கடைந்தால் நடவு முடிகிற வரைக்கும் ஓடாதா?

பட்டறைக்காரன் தஞ்சை:
வேண்டாம் தம்பி. ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட அச்சு, ஆர்ம், பால் ஜாயிண்ட் எதிலும் வெல்டு வைக்கக் கூடாது. சூடுபட்ட இடம் வெடித்தால் முன்கூட்டி எந்தச் சத்தமும் தராது. தகடு வெட்டிச் சொருகுவதும் அப்படித்தான். நட்டைப் போட்டு ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) ஓட்டை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்காதீர்கள். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும்.

சக்கரம் உதறுவதற்கு ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் முளை. கிங் பின் பேரிங் நன்றாக இருந்தால் மூடிக்கு அடியில் உள்ள சிம் எனும் மெல்லிய தகடுகளில் ஒன்றிரண்டை எடுத்தாலே இறுகிவிடும், அதிலே குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கோரையாற்றுக்கரை:
அண்ணே, நேற்று தங்கச்சியை உட்கார வைத்துப் பார்த்தோம். பெல் கிராங்க்தான். ஸ்டீயரிங்கை ஆட்டினால் கிராங்க் திரும்புவதற்கு முன்னால் ஒரு பக்கம் சாய்கிறது, கையை வைத்ததும் கடக் என்று தெரிந்தது. டிராக் லிங்க் முனையிலும் கொஞ்சம் இருந்தது, அந்த முனையை அடைக்கும் திருகு மூடியை (பிளக்) முழுக்க இறுக்கி அரைச் சுற்று தளர்த்திப் புதுப் பின் போட்டேன். பாக்ஸ் ஸ்குருவைத் தளர்த்தியதுமே வளைவில் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. அச்சும் பேரிங்கும் சீலும் தஞ்சாவூரில் வாங்கி இன்று காலை மாட்டியாகிவிட்டது, இப்போது பிளே ஓர் அங்குலம்கூட இல்லை. பாக்ஸ் வாங்குகிற செலவு மிச்சம்.

ஆனால் இடது முன்சக்கரம் பிரேக்கை மிதித்தும் ஆடுகிறது, கிங் பின்னைப் பிரித்தால்தான் தெரியும். நடவு முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அது வரைக்கும் வண்டி கரையில் மட்டும் மெதுவாக ஓடும், மன்னார்குடி ரோட்டில் ஏற்ற மாட்டேன்.