மாடில இன்னா கேன்?

செல்வி அத்தை: தினேசு, மாடில சாராயம் வெச்சிகீறேன்னு எதிர் வீட்ல கேக்கறாங்கோ. இன்னாடா அது

தினேஷ்: அய்யோ அத்தை. காருக்கு. டர்போ எஞ்சினுக்குள்ள போற சூடான காத்துல தெளிச்சு குளுமையாக்க

கலா அக்கா: காருக்கும் கட்டிங்கா 😂

பாபு மாமா: அது மெத்தனால், செல்வி. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல போனது இதுலதான். தோல் வழியாவும் உள்ள போவும். பகல்ல எரிஞ்சா நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா கேஸு. எங்க வாங்கின?

தினேஷ்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கலா அக்கா: 👀

செல்வி அத்தை: ஞாயித்துக்கிழமை காது குத்து, வீட்ல பசங்க வர்றாங்க

பாபு மாமா: கேன் மேல விஷம்னு எழுதி பூட்டி வை. சாக்கடைல ஊத்திடாத. அதுக்குப் பதிலா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கு, டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி. குளுமை முக்கால்வாசி தண்ணிதான்டா தருது. ஒரு கிலோ தண்ணி ஆவியாக 2260 கிலோஜூல் சூடு இழுக்கும், மெத்தனால் 1100தான். பம்பு எது?

தினேஷ்: கண்ணாடி கழுவுற பம்ப்

பாபு மாமா: போச்சு. அதுல பிரஷர் கம்மி, பனி மாதிரி வராது, சொட்டு சொட்டா விழும். சொட்டு தேங்கி ஒரு சிலிண்டருக்கே போவும். 12 வோல்ட் டயாப்ரம் பம்பு, 100 பிஎஸ்ஐக்கு மேல தர்றது எடு. சீல் இபிடிஎம் ரப்பரானு கேட்டு வாங்கு

தினேஷ்: தெளிக்கற நாசில் எங்க வெக்கறது?

பாபு மாமா: காத்த ஆற வெக்கற இன்டர்கூலர் தாண்டி, எஞ்சினுக்கு காத்த வுடற த்ராட்டிலுக்கு ஒரு சாண் முன்னாடி. அதுக்குப் பக்கத்துலயே சோலனாய்டு, கரண்ட்ல தொறந்து மூடற வால்வு. இல்லன்னா டர்போ காத்த அழுத்தாதப்பவும், அதாவது பூஸ்ட் இல்லாதப்பவும், காத்து இழுத்து டேங்க்க காலி பண்ணும், வண்டி தடுமாறும். பூஸ்ட் 0.5 பார் வந்தா பம்பு ஓடற மாதிரி பிரஷர் ஸ்விட்ச் வை. ரிலே, ஃப்யூஸ் இல்லாம நேரா ஒயர் குடுக்காத

செல்வி அத்தை: பாபு, பிரியாணி 80 பேருக்கா 100க்கா?

குமார் சித்தப்பா: 80. போன தடவ மிஞ்சுச்சு

கலா அக்கா: மிஞ்சல, நீங்க வீட்டுக்கு எடுத்துட்டு போனீங்க

குமார் சித்தப்பா: 🙏

தினேஷ்: மாமா, ஸ்பார்க் டைமிங் ஏத்தலாமா

பாபு மாமா: ஏத்தாத. டேங்க் காலியான அன்னிக்கு சிலிண்டருக்குள்ள கண்டபடி வெடிச்சு, அதான் நாக் அடிச்சு, பிஸ்டன் உருகிடும். மொதல்ல மிதவை ஸ்விட்ச் போடு, தண்ணி கொறஞ்சா பூஸ்டையும் கொறைக்கற மாதிரி. அதுக்கப்புறம் பேசு

தினேஷ்: ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா

செல்வி அத்தை: அந்த கேன் மாடில இருக்கற வரைக்கும் மேல பந்தல் போட மாட்டேன்

குமார் சித்தப்பா: 90 வெச்சிக்கலாம்

பாபு மாமா: சாயங்காலம் வரேன். சாவிய அத்தைகிட்ட குடு

தினேஷ்: எந்த சாவி