மோட்டார் நின்றால் லேசரும் அணைய வேண்டும்: யோசனை தேவை

வணக்கம். விருந்துகளில் சுவர் முழுக்க உருவங்கள் ஓடவிட ஒரு லேசர் புரொஜெக்டர் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு சின்ன டிசி மோட்டார்கள், ஒவ்வொன்றின் முனையிலும் லேசாகச் சாய்த்து ஒட்டிய கண்ணாடி. ஒளி ஒன்றில் பட்டு மற்றதற்குப் போய்ச் சுவரில் விழும். வேகத்தை மாற்றினால் வட்டம் பூவாகிறது, பூ சுருளாகிறது. பார்க்க அருமை!

கவலை கண்களைப் பற்றித்தான். இப்போது இருப்பது 1 மில்லிவாட்டுக்கும் குறைவான சிவப்பு லேசர், லேசர் பாதுகாப்புப் பிரிவுகளில் வகுப்பு 2. தவறிக் கண்ணில் பட்டாலும் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும் என்ற கணக்கில் வகுத்தது அது. ஆனால் வெளிச்சம் மங்கல். 5 மில்லிவாட் பச்சைக்குப் போகலாம் என்றால், மலிவான பச்சை லேசர்கள் பலவற்றில் அகச்சிவப்பு வடிகட்டி இருப்பதில்லை. 532 நானோமீட்டர் பச்சையோடு 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர்களும் கசியும். அவை கண்ணுக்குத் தெரியாது, இமையும் மூடாது. அதனால் பச்சை வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

சரி, இனி கேள்விகள். மோட்டார் திடீரென்று நின்றால் கற்றை ஒரே புள்ளியில் குவியும். சுழற்சியை ஒளி சென்சாரால் கண்காணித்து, நின்றவுடன் லேசரை அணைக்கும் சுற்று யாராவது செய்திருக்கிறீர்களா? ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) போதுமா, டிரான்சிஸ்டர்தான் வேண்டுமா? எனக்கென்னவோ ரிலே மெதுவாகப் படுகிறது. அப்புறம், சாதாரணக் கண்ணாடியில் இரட்டைப் பிம்பம் விழுகிறது. முன்பக்கம் பூச்சுள்ள கண்ணாடியை உடைக்காமல் சின்னதாக வெட்டுவது எப்படி? பெட்டியை எல்லோர் தலைக்கும் மேலே மாட்டப்போகிறேன், அதில் மாற்றமில்லை.