கதவு திறந்த பிறகு: வீடு வீடாகச் செல்லும் காப்பீட்டு முகவர்களின் அனுபவங்கள்

முகவர், பள்ளிபாளையம்

கூலித் தறி ஓட்டுபவர்களைச் சந்திப்பது எப்படி என்பது இங்கே பலருக்கும் தெரியும். பட்டறைக்குள் நம் குரல் எடுபடாது, ஷிப்ட் முடிந்து படுத்தவரை எழுப்பினால் அந்த வீட்டுக்கு மறுபடி போக முடியாது. நான் போன அன்று ஒரு தறிக்காரர் எனக்காகத் தறியை நிறுத்தினார். தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பதால் நான் பேசிய ஒவ்வொரு நிமிடமும் அவருடைய காசு. முதிர்வுத் தொகை, போனஸ், இறப்புப் பலன் என்று பயிற்சியில் கற்ற வரிசையிலேயே சொல்லி முடித்தேன். "எல்லாம் சரிங்க. ரெண்டு வருசம் கட்டிட்டு அப்புறம் கட்ட முடியலீன்னா, கட்டின காசு என்னாகுமுங்க?" என்று கேட்டார். அப்போதைய விதிப்படி அந்தப் பாலிசிக்கு 3 ஆண்டுப் பிரீமியம் முழுமையாகக் கட்டியிருந்தால்தான் சரண்டர் மதிப்பு, அதாவது பாலிசியைப் பாதியில் ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும் தொகை, உண்டு. அதற்குள் நிறுத்திவிட்டால் எதுவும் திரும்பி வராது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, கையை நீட்டித் தறியை ஓடவிட்டார். அந்த இரைச்சல் மறுபடி எழுந்த கணத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தக் கேள்வி வந்ததுமே பேச்சைப் போனஸ் கணக்குக்குத் திருப்பியிருக்க வேண்டும் என்று முகவர்களை மேற்பார்க்கும் வளர்ச்சி அதிகாரி பிறகு சொன்னார். பட்டறைக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கூலியில் பிடித்தம் போகும் ஒருவரிடம் அப்படித் திருப்புவது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?

முகவர், மன்னார்குடி

பள்ளிபாளையம் அண்ணன் சொன்ன பதிலில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. முதல் சந்திப்பிலேயே முதிர்வுத் தொகை வரை போனதில்தான் இருக்கிறது. முதல் முறை போகும்போது நான் பையைத் திறப்பதே இல்லை. அந்த வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், எந்த மாதத்தில் கையில் பணம் புழங்குகிறது என்பதை மட்டும் கேட்டு வருவேன். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகுதான் பணத்தைப் பார்க்கும் குடும்பத்துக்கு மாதத் தவணைப் பாலிசியைக் கொடுத்துவிட்டால், சில மாதங்களிலேயே தவணை நின்று பாலிசி காலாவதியாகிவிடும்.

என்னை உறுத்துவது வேறொன்று. தெருவில் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. திண்ணையில் இருந்த மாமியார், "விளக்கு வைக்கிற நேரத்துல சாவுப் பேச்சைத் தூக்கிக்கிட்டு உள்ள வராதம்மா" என்று நிலைப்படியில் கையை ஊன்றி மறித்துவிட்டார். நான் திரும்பித் தெருமுனை வரை வந்தபோது மருமகள் பின்னாலேயே ஓடி வந்து, "குழுக் கடன்ல பிடிக்கிறாங்களே, அந்த இன்சூரன்சும் இதுவும் ஒண்ணாக்கா?" என்று கேட்டாள். கடன் வாங்கியவர் இறந்தால் அந்தக் காப்பீட்டுப் பணம் முதலில் கடன் கொடுத்தவரின் பாக்கிக்குப் போகும். குடும்பத்தின் கைக்கு வருவது தனியாக எடுத்த பாலிசியின் பணம்தான் என்று விளக்கினேன். தான் பல காலமாகக் குடும்பத்துக்கென்று கட்டி வருவதாக அவள் நம்பியிருந்தாள். அவள் முகம் மாறியதை நினைத்தால் இப்போதும் மனம் சரியாக இல்லை.

முகவர், கோவை

திண்ணையும் நிலைப்படியும் கிராமத்துக்குச் சரி. இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளியைத் தாண்டுவதே பெரும்பாடு. ஒருமுறை வாசலில் இருந்த காவலாளி, நான் பார்க்க வந்தவர் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு, "எங்களுக்கெல்லாம் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்களே சார்" என்றார். அன்று அவருடன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினேன். மன்னார்குடி சகோதரி, பையைத் திறக்காமலே திரும்புவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அந்தக் காவலாளியைப் போன்றவருக்கு அடுத்த சந்திப்பு என்ற ஒன்று கிடைக்காமலே போகலாம்.

பாலிசிதாரரின் மகன், திருநெல்வேலி

நான் முகவர் அல்ல. கதவுக்கு உள்ளே இருந்தவன். நீங்கள் எந்த நேரத்தில் போவது, எத்தனையாவது சந்திப்பில் பேசுவது என்று விவாதிக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டிலும் கெட்டிக்காரர். செருப்பை வாசலிலேயே கழற்றினார், அம்மா கொடுத்த மோரைக் குடித்தார், அப்பாவை "அண்ணாச்சி" என்று வாய் நிறைய அழைத்தார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி இட்டு நீட்டினார். அப்பா போட்டார். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது, அப்பா இறந்து காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய மாத்திரை டப்பா, அவர்கள் உட்கார்ந்து பேசிய அதே மேசை மேல்தான் எப்போதும் இருந்தது. அந்தப் பென்சில் குறிகள் விண்ணப்ப நகலிலும் மங்கலாகத் தெரிகின்றன.

ஓய்வுபெற்ற முகவர், விருதுநகர்

எனக்கு நேர்ந்தது சிறியது. ஒரு மளிகைக் கடைக்காரர், "முதல் பிரீமியத்தை நீங்க கட்டுறீங்களா, இல்ல அடுத்த தெரு ஏஜெண்டைக் கூப்பிடவா?" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டார். மாட்டேன் என்றேன், அவர் அடுத்த தெரு முகவரிடமே எடுத்தார். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 41, முகவர் தன் கமிஷனில் பாலிசி எடுப்பவருக்குப் பங்கு தருவதைத் தடை செய்கிறது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பிரீமியத்தைத் தானே கட்டிப் பாலிசி பிடிக்கும் முகவர் அடுத்த ஆண்டு அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

திருநெல்வேலித் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, யாரும் கேட்காவிட்டாலும் இளைய முகவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடல்நலக் கேள்விகளை வீட்டார் அனைவரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள். "மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பதோடு நில்லாமல், அந்த அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள், கணவர் மறைப்பதை மனைவி சொல்லிவிடுவார். அதே சட்டத்தின் பிரிவு 45இன்படி 3 ஆண்டுகள் கடந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் கேள்விக்கு உட்படுத்த முடியாது. ஆனால் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் அந்த 3 ஆண்டுகள் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும் என்பதைப் பெரும்பாலோர் வீட்டில் சொல்வதே இல்லை. சர்க்கரையை எழுதினால் பிரீமியம் கூடலாம், சில நேரம் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். அதற்காக மறைத்து எழுதிய பாலிசி அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பாதுகாப்பும் ஆகாது.

பள்ளிபாளையம் தம்பிக்கு: நீங்கள் சொன்ன பதில்தான் சரியான பதில். 2024 அக்டோபர் முதல் விதி மாறியிருக்கிறது. புதிய திட்டங்களில் ஓராண்டுப் பிரீமியம் முழுமையாகக் கட்டி முதல் பாலிசி ஆண்டு முடிந்தாலே ஏதோ ஒரு சரண்டர் மதிப்பு உண்டு. ஆனாலும் கட்டிய தொகை முழுவதும் வராது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கோவைத் தம்பி, அந்தக் காவலாளிக்கு வயது 18 முதல் 50க்குள் இருந்தால், ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கான பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் அவருடைய வங்கிக் கணக்கு வழியாகச் சேரச் சொல்லுங்கள். நமக்கு அதில் கமிஷன் இல்லை என்பதற்காகச் சொல்லாமல் விடுவதை நான் ஏற்க மாட்டேன்.

கடன் வாங்கித் தொழில் செய்யும் வணிகர்களுக்கு இன்னொன்று உண்டு. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ், மனைவி மக்களுக்கென்று விண்ணப்பிக்கும்போதே அறிவித்து எடுக்கும் பாலிசியின் தொகையில், கணவரின் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. அதற்கான கூடுதல் படிவத்தை நிரப்ப சில நிமிடங்கள் ஆகும் என்பதால் பலரும் தவிர்க்கிறார்கள்.

பாலிசிப் பத்திரம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி போங்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். அந்தக் கடைசித் தேதியைப் பத்திரத்தின் உறை மேலேயே எழுதி, வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.