சீசனுக்கு 40 பேர் என் பொறுப்பில்: கண்டிப்பான மேலாளரிடம் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பர்கூர்_பொண்ணு கேட்டது:

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இரண்டு சீசன் முடித்திருக்கிறேன். இந்த வருடம் பகல் ஷிப்ட் முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். 40 பேர். பழம் பொறுக்குகிற அக்காக்களில் பாதிப் பேருக்கு என் அம்மா வயது. போன வருடம் வரை அவர்களோடு உட்கார்ந்து சோறு தின்றவள் நான். இப்போது போய் "தொப்பி சரியா போடுங்க, வளையலைக் கழட்டுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டால் ஆடிட் வரும்போது என் தலை உருளும்.

கண்டிப்பாக இருந்தும் ஆட்கள் மதிக்கிற மேலாளரிடம் யாராவது வேலை பார்த்திருந்தால், அவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். புத்தகத்தில் இருக்கிற மேனேஜ்மென்ட் எல்லாம் வேண்டாம், அது காலேஜிலேயே படித்தாகிவிட்டது.

காவேரிப்பட்டணத்தான் பதில்:

தங்கச்சி, நீ கேட்டது என் பழைய தொழில். 2008 முதல் 2013 வரை ஆறு சீசன் ஒரு கூழ் ஆலையில் இருந்தேன். இப்போது ஓசூரில் வேறு வேலை. எங்கள் உற்பத்தி மேலாளரை முதல் இரண்டு வருடம் நான் திட்டாத நாள் இல்லை. மனசுக்குள்தான்.

அவரிடம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி: "பார்த்தியா, கேட்டியா?" பாய்லர் சரியாகிவிட்டது சார் என்றால், "பார்த்தியா, கேட்டியா?" கேட்டது என்றால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ராத்திரி 2 மணியானாலும் அதேதான். ஆட்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'பாத்தியா கேட்டியா'. அவருக்கும் தெரியும்.

முதல் சீசனில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், உனக்கு உபயோகப்படும். பெங்களூரா மாம்பழக் கான்சன்ட்ரேட், அதாவது தண்ணீரை வற்ற வைத்துக் கெட்டியாக்கிய கூழ், ஓடிக்கொண்டிருந்தது. 28 பிரிக்ஸ் (கூழில் இருக்கிற சர்க்கரையின் அளவு) வந்ததும் நிறுத்த வேண்டும். நான் கூழை வற்ற வைக்கிற எவாபரேட்டரில் இருந்து பிடித்த சாம்பிளைச் சுடச்சுட பிரிக்ஸ் பார்க்கிற கருவியின் கண்ணாடியில் தடவிப் பார்த்தேன். எங்களிடம் இருந்தது பழைய கைக்கருவி, வெப்பத்துக்குத் தானே சரி செய்துகொள்ளாது. 20 டிகிரிக்கு என்று செய்த கருவியில் 40 டிகிரி கூழை வைத்தால் ஒன்றரை பிரிக்ஸ் குறைத்துக் காட்டும் என்பது எனக்குத் தெரியாது. 28 காட்டுகிற வரை ஓட்டி, பையில் நிரப்பி, டிரம்மை மூடியாகிவிட்டது. காலையில் ஆறிய சாம்பிளைப் பார்த்தால் 29.5.

அவர் கத்தவில்லை. ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "எவ்வளவு நஷ்டம்னு நீயே போடு" என்றார். உட்கார்ந்து போட்டேன். 20 டிரம் வர வேண்டிய சரக்கு 19 தான் வந்திருக்கிறது. ஒரு டிரம் கூழைத் தண்ணீராகவே ஆவி பறக்க விட்டிருக்கிறேன். வாங்குகிறவன் கிலோவுக்குத்தான் காசு கொடுப்பான், ஒன்றரை பிரிக்ஸ் கூடுதல் என்று கூடக் கொடுக்க மாட்டான். கை நடுங்கிவிட்டது. சம்பளத்தில் பிடிப்பார் என்று நினைத்தேன்.

அவர் பதிவேட்டை எடுத்து நான் எழுதியதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்: "சாம்பிளை ஆற வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் இவருக்குச் சொல்லித் தரவில்லை." கையெழுத்தும் போட்டார். முதலாளி படிக்கிற பதிவேடு அது. அப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். ஆறுதல் எல்லாம் அவர் வழக்கத்தில் கிடையாது.

ஆனால் தெரியாமல் செய்த தப்பு வேறு, பார்க்காமல் எழுதுவது வேறு அவருக்கு. 2012 சீசன் ஞாபகம் இருக்கும், மின்வெட்டு பாடாய்ப்படுத்திய வருடம். இரவு ஷிப்டில் ஒரு பையன் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டிய, கூழைச் சூடாக்குகிற வெப்பநிலையை 12 மணிக்கே விடியும் வரைக்கும் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். எல்லாம் 92, 91, 92. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். காலையில் மேலாளர் ஜெனரேட்டர் நோட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். 4 மணிக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, லைன் 25 நிமிடம் நின்றிருக்கிறது. எங்கள் பதிவேட்டில் 4 மணிக்கு ஜம்மென்று 92 டிகிரி!

அவனுக்கு மூன்று நாள் சம்பளம் வெட்டு. எனக்கும் மூன்று நாள். "நான் எழுதல சார், கையெழுத்துதான் போட்டேன்" என்றேன். "அதுக்குத்தான் உனக்கு" என்றார். அந்த இரவு நிரப்பிய டிரம் எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகுதான் லாரி ஏற்ற விட்டார். அடுத்த வருடம் அதே பையனை அவரே போன் போட்டுக் கூப்பிட்டு, அதே ஷிப்ட், அதே வேலை கொடுத்தார். பழசை ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அவனை ஒரு மாதம் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காக்கள் விஷயம் கேட்டாயே. எங்கள் ஆலையில் பழம் பொறுக்குகிறவர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அவர் திருநெல்வேலிக்காரர், வந்த இடத்தில் அரைகுறைத் தெலுங்கு கற்றுக்கொண்டு பேசுவார், கேட்டால் சிரிப்பு வரும். வளையல் தகராறு அங்கேயும் இருந்தது. அவர் என்ன செய்தார் என்றால், சீசன் தொடங்குகிற அன்று எல்லோர் முன்னாலும் தன் மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு கேட்டில் கொடுத்தார். ஒரு நாள் முதலாளி வீட்டு மாப்பிள்ளை விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு கைச் செயினோடு உள்ளே வர, வாசலிலேயே நிறுத்தி டப்பாவை நீட்டிவிட்டார். அது நடந்த பிறகு வளையலுக்காக யாரும் முணுமுணுத்து நான் கேட்கவில்லை. (கேட்டதுதான். பார்த்தேனா என்று அவர் கேட்டிருப்பார்.)

குறையும் உண்டு. பாராட்ட மாட்டார். ஆறு வருடத்தில் ஒரு தடவை "ம்" என்றார், அதையே நான் வீட்டில் வந்து சொன்னேன். ஜூன் மாதம் நண்பன் கல்யாணத்துக்கு லீவு கேட்டேன், முடியாது என்றார். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால், "பந்தி நல்லா இருந்துச்சா?" ஒரு நாள் சம்பளம் போனது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அந்த லீவைக் கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

பாலக்கோடு_தக்காளி பதில்:

நான் ஆலையில் இருந்ததில்லை, தக்காளி மண்டியில் நான்கு வருடம் கணக்கு எழுதினேன். எங்கள் மண்டிக்காரர் விடியற்காலை ஏலத்துக்கு முன்னால் வந்து நிற்பார், ஐந்து நிமிடம் தாமதமானால் முகத்தைப் பார்க்க மாட்டார். விவசாயி பெட்டியில் இருந்து நான்கு தக்காளி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். இவர் மண்டியில் அது நடக்காது. தன் வீட்டுக் குழம்புக்கு எடுத்தாலும் அன்றைய ஏல விலைக்குச் சீட்டு போடச் சொல்வார். கிலோ 5 ரூபாய்க்கு விற்ற நாளிலும் போட்டேன், 80-க்கு விற்ற நாளிலும் போட்டேன். 80 விற்ற நாளில் ஒரு கிலோதான் எடுத்தார் என்பது வேறு கதை.

அக்கா, உங்கள் ஆட்களில் மூத்தவர் ஒருவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் முதல் நாளே ஆரம்பிக்காதீர்கள்.

போச்சம்பள்ளி_தோப்பு பதில்:

காவேரிப்பட்டணத்தார் நல்லாத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் உள்ளே இருக்கிறவனுக்கு நியாயம், கேட்டுக்கு வெளியே நிற்கிற எங்களுக்கு? பெங்களூராவுக்கு விலை விழுந்த வருடம் டிராக்டரோடு இரண்டு ராத்திரி ரோட்டில் கிடந்திருக்கிறேன். பழம் அடியில் கசிந்து வண்டியில் இருந்து சாறு ஒழுகுகிறது. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டவில்லை. நீங்கள் சொல்கிற மேலாளர் எல்லாம் அன்றைக்கு எங்கே இருந்தார்?

காவேரிப்பட்டணத்தான் பதில்:

அண்ணா, கோபம் நியாயம்தான். விலை அவர் கையில் இல்லை, முதலாளிகள் பேசி வைப்பது. அவர் கையில் இருந்தது டோக்கன் மட்டும். வந்த வரிசைப்படிதான் எடை மேடைக்கு வண்டி ஏறும். அவருடைய சொந்த மச்சினன் லோடு 31-வது டோக்கனில் நின்று, அதில் பாதி அழுகிப்போய், பொறுக்கித் தள்ளியதை நான் பார்த்தேன். (பார்த்தேன்.) வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. உங்கள் இரண்டு ராத்திரிக்கு இது பதில் இல்லை, தெரியும்.

பர்கூர்_பொண்ணு பதில்:

எல்லோருக்கும் நன்றி. தோப்பு அண்ணா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை, என் மாமா வண்டியும் அந்த வரிசையில் நின்றிருக்கிறது.

என் காதில் சின்னத் தோடுதான் இருக்கிறது, அம்மா போட்டது, இதுவரை கழற்றியதில்லை. டப்பா கதையைப் படித்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை முதல் லோடு. ஒரு சந்தேகம், சாம்பிளை எதில் வைத்து ஆற வைத்தீர்கள்? எங்களிடம் லேபில் கண்ணாடி பீக்கர் இருக்கிறது.

காவேரிப்பட்டணத்தான் பதில்:

கண்ணாடியை லைன் பக்கம் கொண்டுபோகவே போகாதே, உடைந்தால் அன்றைய சரக்கு மொத்தமும் போச்சு. சின்ன எவர்சில்வர் டம்ளர், வெளியே ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மேலே மூடி. மூடாமல் வைத்தால் ஆவி போய் பிரிக்ஸ் ஏறிவிடும். இரண்டு மூன்று நிமிடம் போதும். அவர் வைத்திருந்த டம்ளரில் அவர் பெயர் வெட்டியிருந்தது, காபி குடிக்க யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று.