எழுகைத் தாழ்வா, எழுகைச் சரிவா?

காரைக்குடி, செவிலியர் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம்.

வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற செவிலியர்களுக்கு ஒரு பக்க அட்டை தயாராகிறது. படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறதே, அந்த ஆர்த்தோஸ்டேட்டிக் ஹைப்போடென்ஷனுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். கையில் இருப்பவை மூன்று: நிலைசார் தாழழுத்தம், நிற்புத் தாழழுத்தம், எழுகைத் தாழழுத்தம்.

நோயாளி தெளிவாகத்தான் சொல்கிறார்: "எந்திரிச்சா கிறுகிறுங்குது, கண்ணை இருட்டிக்கிட்டு வருது." பதிவேட்டில் ஏறுவதோ "மயக்கம்". தலைசுற்றலும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம், பசிக் களைப்பும் மயக்கம். எழுந்தபோது என்ற முக்கியமான துப்பு அங்கேயே தொலைந்துவிடுகிறது. பித்தம் என்று ஒருவர் சொல்ல, சத்துக்குறைவு என்று இன்னொருவர் டானிக் எழுத, நீண்டநாள் சர்க்கரையில் நரம்பு கெட்டிருப்பதை யாரும் தேடுவதில்லை.

நாடி, அழுத்தம் போன்றவற்றை நம்மை அறியாமல் நடத்துகிற நரம்புகள் சீர்கெடுவதுதான் டிஸ்ஆட்டோனோமியா. அது மொத்தத்துக்கும் ஒரு பொதுப்பெயர் வேண்டும். இப்போதைக்குத் "தன்னாட்சி நரம்புச் செயலிழப்பு" என்று எழுதி வைத்திருக்கிறோம். மனசுக்கு ஒட்டவில்லை.

தேவகோட்டை, தமிழாசிரியர்

> தன்னாட்சி நரம்புச் செயலிழப்பு

அம்மா, தன்னாட்சி என்றால் நம் பக்கம் கல்லூரிப் பெயர்ப்பலகைதான் நினைவுக்கு வரும். இந்த நரம்புகள் தனியரசு நடத்துபவையும் அல்ல. மூளைத்தண்டும், மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலாமஸும் ஆட்டுவிக்க ஆடுபவை. 1898இல் இதற்கு "ஆட்டோனாமிக்" என்று ஆங்கிலப் பெயர் வைத்த உடலியங்கியல் அறிஞர் லாங்லியே, உள்ளதைவிட அதிகச் சுதந்திரத்தை அந்தப் பெயர் காட்டிவிடுகிறது என்று ஒப்புக்கொண்டவர். அவருக்கு நேர்ந்த சங்கடத்தை நாம் ஏன் தமிழில் விலைக்கு வாங்க வேண்டும்? பாடநூலில் இருக்கிற "தானியங்கு" போதும். அவசரத்தில் படித்தால் தானியங்கள் என்று கண் இடறும், பரவாயில்லை.

"நிலைசார்" வேண்டாம். செட்டிநாட்டில் நிலை என்றால் முதலில் வாசல் நிலை. அடுத்து நிலைமை. நிற்பது என்ற பொருள் மூன்றாவதாகத்தான் வரும். "நிற்பு" யார் வாயிலும் இல்லை. எழுகைக்கு வருகை, தொழுகை என்று துணை இருக்கிறது. எந்திரிக்கிற செயலையே நேரே சொல்கிறது. கையெழுத்து மோசமாக இருந்தால் அழுகை ஆகிவிடும். அச்சடிக்கிற அட்டைதானே.

செயலிழப்பு சரியா என்று மருத்துவர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

சிவகங்கை, பொது மருத்துவம்

செயலிழப்பு சரியில்லை. சர்க்கரை நோயில் நரம்பு செத்துப்போவது ஒரு வகை. நரம்பு உயிரோடு இருந்து தாறுமாறாக வேலை செய்வது இன்னொரு வகை. இரத்தத்தைப் பார்த்ததும் விழுந்துவிடுகிறவருக்கு எதுவும் இழக்கப்படவில்லை. "தானியங்கு நரம்புச் சீர்குலைவு" என்றால் இரண்டும் அடங்கும்.

எழுகையை ஏற்கிறேன். தாழழுத்தம் என்பதைத்தான் எதிர்க்கிறேன், அதுவும் கடுமையாக. ஒரு மாதிரிக் கணக்கு: படுத்திருக்கும்போது 150/84, நாடி 72. நின்று 3ஆம் நிமிடத்தில் 118/70, நாடி 78. 118/70ஐப் பார்த்து எந்தச் செவிலியர் "லோ பிரஷர்" என்பார்? "இப்பத்தான் நார்மலா இருக்கு" என்று சந்தோஷமாக எழுதிவிட்டுப் போவார். நின்ற அளவு தாழ்வாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10, மூன்று நிமிடத்துக்குள் இறங்கினால் அதுதான் நோய். இவருக்கு 32 இறங்கியிருக்கிறது. ஆகவே தாழ்வு அல்ல, சரிவு. சரிவு என்றால் எங்கிருந்து எங்கே என்ற கேள்வி தானே வரும், இரண்டு அளவு எடுக்காமல் அந்தச் சொல்லை எழுதவே முடியாது. "எழுகை அழுத்தச் சரிவு" என்று முழுப்பெயர், பேச்சில் எழுகைச் சரிவு.

அதே கணக்கில் நாடியையும் பாருங்கள். எழுந்ததும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இரத்தம் காலிலும் வயிற்றிலும் இறங்கித் தேங்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டு நாளங்களை இறுக்கி, நாடியை ஏற்ற வேண்டும். இவருக்கு 32 சரிந்தும் நாடி 6தான் ஏறியது. ஒரு மி.மீ. சரிவுக்கு அரைத் துடிப்புகூட ஏறவில்லை என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம். நாடி மடமடவென்று ஏறினால் வயிற்றுப்போக்கு, இரத்தப்போக்கு, நீர் வற்றல் என்று தேடுங்கள். நாடியைக் குறைக்கிற அடினோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்கும் பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

அளக்கும்போது நடக்கிற தவறுகள்: படுக்க வைத்த உடனே அளப்பது (5 நிமிடம் விட வேண்டும்). நின்ற பிறகு கையைத் தொங்கவிட்டே அளப்பது. கையில் கட்டுகிற பட்டை (கஃப்) இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் ஏறக்குறைய 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும், 25 சரிந்தது 17 ஆகத் தெரியும், ஆள் தப்பிவிடுவார். கையை மேசை மேலோ செவிலியர் தோள் மேலோ தாங்க வையுங்கள். அப்புறம் மருந்துப் பட்டியல்: நீர் மாத்திரை, புரோஸ்டேட்டுக்குத் தருகிற டாம்சுலோசின், நரம்பு வலிக்குத் தருகிற அமிட்ரிப்டிலின். சரிவுக்குக் காரணம் பல நேரம் அந்த மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருக்கும்.

காரைக்குடி

சரிவு என்பதை ஏற்கிறோம் ஐயா. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். வீட்டுக்குப் போனால் பெரியவர் முகப்புத் திண்ணையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார், அங்கேயே கஃப் கட்டிவிடுவார்கள். பாயை விரிக்கச் சொன்னால் "எதுக்கு ஆத்தா, இப்படியே பாரு" என்பார்.

இன்னொன்று, பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தவர் அரைமணி கழித்துச் சாய்வது. அதற்கும் இதே சொல்லா? துணைக்கேள்வி: நின்றதும் நாடி மட்டும் பறக்கிற பாட்ஸுக்கு "எழுகைப் படபடப்பு" என்று வைக்கலாமா?

சிவகங்கை

திண்ணையில் தொங்கிய காலில் இரத்தம் ஏற்கெனவே இறங்கித்தான் இருக்கும், அதனால் சரிவு சிறிதாகத் தெரியும். படுக்கவே மறுத்தால், உட்கார்ந்து எழுந்த சரிவு மேல் அளவில் 15 அல்லது கீழ் அளவில் 7 இருந்தாலே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் 2 மணி நேரத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால் அது "உண்டபின் சரிவு". இரத்தம் குடலுக்குப் போகிறது, நாளங்கள் ஈடுகட்டவில்லை. உட்கார்ந்தபடியே வரும் என்பதால் எழுகை என்று சேர்க்கக்கூடாது.

படபடப்பு வேண்டவே வேண்டாம். "படபடப்பா இருக்கு" என்றதும் மனப்பதற்றம் என்று முத்திரை குத்தி அனுப்புகிறார்கள், அதைத் தடுக்கத்தானே இந்த அட்டை? பாட்ஸில் அழுத்தம் சரியாது; 10 நிமிடத்துக்குள் நாடி 30 ஏற வேண்டும், 12 முதல் 19 வயதுவரை 40. தொந்தரவு 3 மாதமாவது இருந்திருக்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயர். "துடிப்பேற்றம்" என்று வையுங்கள், ஏற்றத்தையும் எண்ணித்தானே எழுத முடியும்.

தேவகோட்டை

எழுகைத் துடிப்பேற்றம். நடுவில் "த்" விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. சரிவும் ஏற்றமும் ஜோடியாக நன்றாகவே நிற்கின்றன.

காரைக்குடி

அட்டையில் கட்டங்கள் இப்படி: படுத்து 5 நிமிடம், நின்று 1, நின்று 3, மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் அழுத்தமும் நாடியும். இடையில் கண் இருட்டினால் உடனே உட்கார வைத்து, எத்தனையாவது நிமிடம் என்று எழுத ஒரு கோடு. மாத்திரைகளுக்கு முன்னால் 10ஆம் நிமிடத்துக்கும் ஒரு கட்டம் சேர்க்கிறோம், இளவயதினருக்கு மட்டும்.